புதிய மடிக்கணினி: அடிமூடியைக் கழற்றுவதற்கு முன்பும் பின்பும்

நடுத்தர வகை மடிக்கணினிகள் பலவற்றில் ஒரே குறையைப் பார்க்கலாம். செயலி வலுவாக இருக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் மெமரி (ராம்) இருக்காது. நான் வாங்கியதிலும் இன்டெல் கோர் ஐ5-1335யு செயலிக்குத் துணையாக 8 ஜிபி மெமரி மட்டுமே இருந்தது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு 512 ஜிபி. இரண்டையும் மாற்றும் எண்ணத்தோடுதான் இந்த மாடலைத் தேர்ந்தெடுத்தேன். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் மெமரியை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே பின்னால் நினைத்தாலும் கூட்ட வழியில்லை. ஆகவே வாங்கும் முன்பே தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டை இறக்கிப் படித்தேன். அடிமூடியில் திருகுகள் எங்கெங்கே இருக்கின்றன, மெமரிக்கு எத்தனை ஸ்லாட் (செருகுமிடம்), எஸ்எஸ்டி எந்த நீளம் என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கும். விளம்பரப் பக்கம் சொல்லாததை அந்தக் கையேடு சொல்லிவிடும். மெமரியையும் எஸ்எஸ்டியையும் பயனரே மாற்றலாமா, மாற்றினால் உத்தரவாதம் என்னாகும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் விதி மாறுகிறது.

இந்த வேலை முழுவதிலும் நான் விடாமல் பிடித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஒரு சோதனை. மெமரி, எஸ்எஸ்டி, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, அதன் பிறகு கணினி தானாக அணைந்து எழுந்தால் எதைச் சந்தேகிப்பது? புதிய கணினியே குறையோடு வந்திருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. கழற்றிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் திருப்பிக் கொடுப்பதும் சிக்கலாகிவிடும்.

கழற்றுவதற்கு முன்

முதலில் வந்த நிலையிலேயே சோதித்தேன். திரை முழுவதையும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி நிறங்களால் நிரப்பிப் பார்த்தால் செத்த புள்ளிகள் கண்ணில் பட்டுவிடும். எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுத்தேன். கேமரா, மைக், இரு பக்க ஒலிபெருக்கி, இயர்போன் துளை ஆகியவற்றுக்குச் சில நிமிடங்களே போதும்.

பேட்டரிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் கொடுத்தேன். விண்டோஸின் கட்டளைச் சாளரத்திலிருந்து பேட்டரி அறிக்கை ஒன்றை எடுக்க முடியும். வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவு என இரண்டு எண்கள் அதில் இருக்கும். புதிய கணினியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது எண் வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த பேட்டரி நெடுநாள் கிடங்கில் கிடந்திருக்கலாம். கணினியே ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதாகவும் இருக்கலாம். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் இருக்கும் மொத்த இயக்க நேரமும் இதே கதையைச் சொல்லும். என் கணினியில் இரண்டுமே சரியாக இருந்தன. அந்த அறிக்கையை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஓராண்டு கழித்து ஒப்பிடுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அடுத்தது விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். மெமரி பக்கத்தில் ‘2 ஸ்லாட்டுகளில் 1 பயன்பாட்டில்’ என்று காட்டியது. கையேடு சொன்னதும் இதுவும் ஒத்துப்போயின. கிராபிக்ஸ் பக்கத்தில் ‘இன்டெல் யுஎச்டி கிராபிக்ஸ்’ என்று இருந்தது. இந்தச் செயலிக்கு ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்றுதானே விவரக்குறிப்பில் படித்தோம் என்று பலர் இந்த இடத்தில் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. செயலியையும் மெமரியையும் இணைக்கும் இரு தடங்களிலும் (சேனல்) மெமரி இருந்தால்தான் அந்தப் பெயர் வரும். ஒற்றைத் தடத்தில் ஓடும்போது அதே சிப் யுஎச்டி என்றே தன்னைச் சொல்லிக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் படம் வரையும் பகுதிக்கென்று சொந்த மெமரி கிடையாது. செயலியோடு சேர்ந்து அதே மெமரியைத்தான் பயன்படுத்துகிறது. இந்தக் கணினியின் மெமரி வகையான டிடிஆர்4-3200 ஒற்றைத் தடத்தில் வினாடிக்கு 25.6 ஜிபி வரை தரும். இரு தடங்களில் 51.2 ஜிபி. 8 ஜிபி போதவில்லை என்பதைவிட, வாங்கிய செயலியின் ஒரு பகுதி பாதி வழியில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது.

கழற்றும் முன் செய்தே ஆக வேண்டிய வேலை இன்னொன்று: மீட்புச் சாவியை எடுத்து வைப்பது. இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தாலே பெரும்பாலும் வட்டு குறியாக்கம் (சாவி இல்லாமல் வட்டைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக இயங்கத் தொடங்கிவிடுகிறது. பயனருக்கு அது தெரிவதே இல்லை. பயாஸைப் புதுப்பித்தாலோ பாதுகாப்பு அமைப்புகளை மாற்றினாலோ, அடுத்த முறை தொடங்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். கையில் அது இல்லையென்றால் வட்டில் இருப்பது எல்லாம் போனது போலத்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்திலிருந்து அதை எடுத்துத் தாளில் எழுதி, இன்னொரு சாதனத்திலும் சேமித்தேன். அதே கணினியில் சேமிப்பதால் பயன் எதுவும் இல்லை.

கணினியின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்களான டிரைவர்களையும் அப்போதே காப்பாற்றினேன். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் கருவி, தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய டிரைவர்கள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் நகலெடுத்துக் கொடுத்துவிடும். தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து வைஃபை டிரைவரையும் இன்டெல்லின் சேமிப்பக டிரைவரையும் தனியாக இறக்கி பென்டிரைவில் போட்டேன். பின்னால் இரண்டும் தேவைப்பட்டன.

கடைசியாக பயாஸ். மெமரியை மாற்றும் முன்பே இதைப் புதுப்பித்துவிடுவது நல்லது; புதிய மெமரிகளோடு ஒத்துப்போவதற்கான திருத்தங்கள் பயாஸ் வெளியீடுகளில்தான் வரும். சார்ஜரைச் செருகி, குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துப் புதுப்பித்தேன். திரை கறுப்பாகி, விசிறி முழு வேகத்தில் சுழன்று, சற்று நேரம் எந்த அசைவும் இல்லாமல் நின்று, பிறகு எழுந்தது. அந்த நேரத்தில் மின் பொத்தானைத் தொடவே கூடாது. பிறகு சில நாட்கள் வழக்கமான வேலைகளுக்கு அப்படியே பயன்படுத்தினேன். தூக்க நிலையிலிருந்து ஒழுங்காக எழுகிறதா, வைஃபை அறுகிறதா என்பதெல்லாம் அன்றாடப் பயன்பாட்டில்தான் தெரியவரும்.

மெமரி

டிடிஆர்4 மடிக்கணினி மெமரிக்கு 260 ஊசிகள், டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டின் இடமும் வேறு. ஆகவே ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் போட முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத விஷயம் வேறொன்று. விளையாட்டுப் பிரியர்களுக்கென்று விற்கப்படும் சில மெமரிகள், உறையில் அச்சிட்டிருக்கும் வேகத்தை எட்டுவதற்கு பயாஸில் ஒரு தனி அமைப்பை இயக்க வேண்டியிருக்கும். சாதாரண மடிக்கணினிகளின் பயாஸில் பெரும்பாலும் அந்த அமைப்பே இருக்காது. விளைவு, 3200 என்று வாங்கியது 2666-லோ 2400-லோ ஓடும். 1.2 வோல்ட், தாமத எண் (சிஎல்) 22 என்று இருக்கும் சாதாரண 3200 மெமரியே இங்கே பொருத்தம். அப்படி 16 ஜிபி வீதம் ஒரே மாதிரியான இரண்டை வாங்கினேன்.

இருக்கும் 8 ஜிபியோடு இன்னொரு 16 ஜிபியைச் சேர்த்தாலும் இந்தச் செயலி ஏற்றுக்கொள்ளும். அப்போது 16 ஜிபி வரை இரு தடங்களிலும், எஞ்சிய 8 ஜிபி ஒற்றைத் தடத்திலும் ஓடும். அது தவறான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் மெய்நிகர் கணினிகளை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அடிக்கடி ஓட்டுகிறேன், பெரிய புகைப்படங்களையும் திறந்து வேலை செய்கிறேன். எனக்கு 32 ஜிபி தேவைப்பட்டது. உலாவியும் ஆவணங்களும் மட்டும் என்றால், இருப்பதற்கு இணையாக இன்னொரு 8 ஜிபியைச் சேர்ப்பதே போதும்.

கழற்றும் நாளில் கணினியை முழுமையாக அணைத்தேன். மூடியை மடித்துத் தூக்க நிலையில் விடுவதை அணைத்ததாகக் கொள்ளக் கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, கணினியைத் துணி விரித்த மேசையில் கவிழ்த்து வைத்தேன். திருகுகளுக்குச் சரியான அளவுள்ள சிறிய பிலிப்ஸ் திருப்புளி வேண்டும். தலை தேய்ந்துவிட்டால் அந்தத் திருகை வெளியே எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். பின்பக்கக் கீல் ஓரத்துத் திருகுகள் நீளமாகவும் முன்பக்கத்தவை குட்டையாகவும் இருந்தன. நீளமானதைக் குட்டையின் துளையில் போட்டு இறுக்கினால், எதிர்ப்புறத்தில் இருக்கும் எதையாவது துளைத்துவிடும். அடிமூடியின் வடிவத்தை ஒரு தாளில் வரைந்து, கழற்றிய திருகு ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே செலோடேப்பால் ஒட்டினேன்.

திருகுகள் போனாலும் மூடி வராது; சுற்றிலும் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருக்கும். கிதார் மீட்டும் சிறிய பிளாஸ்டிக் வில்லை இதற்கு அருமையான கருவி. கீலுக்கு அருகே ஓர் இடைவெளியில் நுழைத்து, ஓரமாக மெல்ல நகர்த்தினால் டக், டக் என்று ஒவ்வொன்றாக விடும். இரும்புத் திருப்புளியால் நெம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கும். வெளிப்புறம் கீறிவிடும், கை வழுக்கினால் உள்ளே பேட்டரியே இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கம் வர மறுத்தால் பலத்தைக் கூட்டாமல் கையேட்டைப் பாருங்கள். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கலாம்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பை மதர்போர்டிலிருந்து விடுவிப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பானின் இரு ஓரங்களையும் நகத்தால் சமமாகத் தள்ள வேண்டும். பிறகு மின் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தேன். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கையில் இருக்கும் நிலைமின்னூட்டம் போக, பூமியோடு தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டேன்.

பழைய மெமரியின் இருபுறமும் இருக்கும் உலோகக் கொக்கிகளை வெளிப்பக்கம் விலக்கினால் அது தானே சரிவாக எழுந்து நிற்கும். புதியதை அதே சரிவில், தங்க நிற விளிம்பு கிட்டத்தட்ட மறையும் வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கொக்கிகளும் சத்தத்தோடு பிடித்துக்கொள்ளும். விளிம்பு சரியாக உட்காராமலே கீழே அழுத்திவிடுவதுதான் கணினி எழாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம். இரண்டாவது ஸ்லாட்டையும் நிரப்பினேன். எஸ்எஸ்டியைத் தொடவே இல்லை. பேட்டரியை இணைத்து, மூடியைத் திருகாமல் மேலே வைத்து மட்டும் அழுத்தி, சார்ஜரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன்.

திரை இருட்டாகவே இருந்தது. மெமரி மாறினால் முதல் முறை இப்படித்தான் இருக்கும். புதிய மெமரியின் மின் தன்மைக்கு ஏற்பத் தன் நேரக் கணக்குகளைச் செயலி சரிசெய்துகொள்கிறது. அது முடியும் வரை திரையில் எதுவும் வராது. இடையில் ஒருமுறை தானாகவே அணைந்து எழுவதும் உண்டு. டிடிஆர்5 மெமரியில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். பயந்துபோய் மின்சாரத்தைத் துண்டிப்பவர்கள் இந்த வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பொறுத்திருந்தேன். தயாரிப்பாளரின் சின்னம் வந்தது. பயாஸ் 32 ஜிபி என்று காட்டியது.

விண்டோஸுக்குள் போகவில்லை. பென்டிரைவில் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 கருவியைப் போட்டு, அதிலிருந்து தொடங்கி, இலவசப் பதிப்பு அனுமதிக்கும் 4 சுற்றுகளையும் இரவு முழுவதும் ஓடவிட்டேன். மெமரியில் ஓரிடம் பழுதாக இருந்தாலும் அது உடனே கணினியை நிறுத்தாது. எப்போதோ ஒரு கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிட்டுப் போகும். அதன்மேல் விண்டோஸை நிறுவுவது புழுத்த விதையை விதைப்பதற்குச் சமம். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் விண்டோஸைத் தொடங்கினேன். டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகம் 3200. கிராபிக்ஸ் பக்கத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயர் மாறியிருந்தது. வெளித்திரை ஒன்றை 4கே தெளிவில் இணைத்துச் சாளரங்களை இழுத்துப் பார்த்தேன். முன்பு இருந்த தயக்கம் போய்விட்டது. மனம் நிறைந்தது.

எஸ்எஸ்டியும் விண்டோஸும்

எஸ்எஸ்டிக்கு இதில் இருப்பது எம்.2 வகை ஸ்லாட், 2280 அளவு: 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 மட்டுமே கொள்ளும் மடிக்கணினிகளும் இருக்கின்றன. நீளத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 1 டிபி கொள்ளளவில், டிஎல்சி வகை நினைவகம் (ஒரு செல்லில் 3 பிட்) கொண்ட, என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு முறையிலான எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தேன். க்யூஎல்சி வகையும் (ஒரு செல்லில் 4 பிட்) அன்றாட வேலைக்குக் குறையில்லாதது. ஆனால் பெரிய கோப்புகளைத் தொடர்ந்து எழுதும்போது அதன் இடைத்தாங்கல் (எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) நிரம்பிவிட்டால் வேகம் சட்டென்று விழும். மெய்நிகர் கணினிகளின் கோப்புகளை அடிக்கடி நகர்த்தும் எனக்கு அது ஒத்துவராது. உச்ச வேகத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. வினாடிக்கு 3500 எம்பி தருவதற்கும் 7000 எம்பி தருவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு ஆவணத்தைத் திறக்கும்போது யாராலும் உணர முடியாது. வெப்பம்தான் மடிக்கணினிக்குள் பெரிய கவலை.

பழையதை அப்படியே நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா? நகலெடுப்பது எளிது. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தயாரிப்பாளர்கள் மீட்புப் பகுதியை (விண்டோஸ் கெட்டால் சரிசெய்ய உதவுவது) வட்டின் கடைசியில், சி பகுதிக்கு அடுத்து வைக்கிறார்கள். பெரிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்ததும் காலியிடம் அந்த மீட்புப் பகுதிக்கும் அப்பால் போய் விழும். இடையில் அது குறுக்கே நிற்பதால், விண்டோஸின் வட்டுக் கருவியால் சி பகுதியை நீட்ட முடியாது. மீட்புப் பகுதியைக் கடைசிக்கு நகர்த்தும் வேறு மென்பொருளின் துணை வேண்டும். எனக்கோ தொழிற்சாலை நிறுவலில் கூடவே வந்த சோதனைக்கால மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். புதிதாகவே நிறுவினேன்.

பழைய எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகைக் கழற்றி, புதியதைச் சரிவாகச் செருகி அழுத்தித் திருகினேன். பென்டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவி தொடங்கியது. வட்டைத் தேர்ந்தெடுக்கும் திரை வெறுமையாக இருந்தது. எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி விஎம்டி என்ற அமைப்பின் வழியாக இணைக்கப்படுகிறது. அதற்கான டிரைவர் நிறுவியில் இல்லையென்றால் வட்டு கண்ணுக்குத் தெரியாது. முன்பே பென்டிரைவில் போட்டிருந்த இன்டெல் சேமிப்பக டிரைவரை, ‘டிரைவரை ஏற்று’ என்ற பொத்தான் வழியாகக் காட்டியதும் வட்டு தெரிந்தது. இறக்கிய கோப்பை முன்கூட்டியே பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புறையாக வைத்திருக்க வேண்டும். நிறுவல் கோப்பை அப்படியே காட்டினால் நிறுவி ஏற்காது. விஎம்டியை பயாஸில் அணைத்துவிட்டு நிறுவுவதும் ஒரு வழிதான். ஆனால் நிறுவி முடித்த பிறகு அந்த அமைப்பை மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

வைஃபை டிரைவரும் நிறுவியில் இல்லை. இணைய இணைப்பு இல்லாமல் அடுத்த திரைக்கு அது போகவும் இல்லை. கைபேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தேன். உள்ளே போனதும் பென்டிரைவிலிருந்த வைஃபை டிரைவரைப் போட்டேன். உரிமச் சாவியை எங்கும் தட்டச்ச வேண்டியிருக்கவில்லை. விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் அது மதர்போர்டின் நிலைநிரலிலேயே (பயாஸ் இருக்கும் இடம்) இருக்கிறது. எஸ்எஸ்டியை மாற்றினாலும் போவதில்லை. 1 டிபி வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவதும் இயல்பானதே. தயாரிப்பாளர் ஆயிரங்களாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆகக் கணக்கிடுகிறது.

விண்டோஸ் புதுப்பிப்புகள் பெரும்பாலான டிரைவர்களைக் கொண்டுவந்தன. சாதன மேலாளரில் மஞ்சள் குறியோடு நின்ற ஒன்றிரண்டுக்குச் சேமித்துவைத்த கோப்புறை உதவியது. தமிழ் விசைப்பலகையாகத் தமிழ்99-ஐச் சேர்த்தேன். பழைய ஆவணங்கள் சிலவற்றில் எழுத்து மாறித் தெரிந்தது. அவை லதா எழுத்துருவில் அமைந்தவை. இப்போதைய விண்டோஸில் அது முன்னிருப்பாக வருவதில்லை. விருப்ப அம்சங்களில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்பதை நிறுவியதும் லதாவும் விஜயாவும் வந்துவிட்டன.

தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைத்தேன். லித்தியம் அயான் பேட்டரிக்கு முழு சார்ஜில் நெடுநேரம் நிற்பதும் சூடும் சேர்ந்தால் ஆயுள் குறையும். மேசையில் நாள் முழுக்கச் சார்ஜரோடு இருக்கும் கணினிக்கு இரண்டுமே உண்டு. வெளியே எடுத்துப் போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் 100-க்கு மாற்றுகிறேன்.

கழற்றிய 8 ஜிபி மெமரி, புதிய மெமரி வந்த உறையில் இருக்கிறது. உத்தரவாதப் பழுதுபார்ப்புக்கு அனுப்ப நேர்ந்தால் அதைத்தான் போட்டு அனுப்புவேன். பழைய எஸ்எஸ்டியை ஒரு என்விஎம்இ யுஎஸ்பி உறையில் போட்டேன். இணைத்தவுடன் அது கேட்டது அந்த 48 இலக்கச் சாவியைத்தான். குறியாக்கம் செய்த வட்டு, தான் பிறந்த கணினியிலிருந்து தொடங்கும்போது மட்டுமே தானாகத் திறக்கும்; வெளி வட்டாக இணைத்தால் சாவி வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் வரை அதில் எதையும் அழிக்கவில்லை. பிறகு வடிவமைத்து, வாரம் ஒருமுறை காப்பு நகல் எடுக்கும் வட்டாக்கினேன். முதல் நகல் முடிந்ததும் அதிலிருந்து ஒரு கோப்புறையை வேறு கணினியில் எடுத்துத் திறந்து பார்த்தேன். கோப்புகள் எல்லாம் சரியாகத் திறந்தன.